கனடா பி.ஆர். காத்திருப்பும் வாங்கப்படாத ஃப்ரிட்ஜும்: ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திறன்மிகு தொழிலாளர் பிரிவில் கனடா பி.ஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பித்துவிட்டுச் சென்னையில் காத்திருக்கும் மனிதரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அவருடைய ஸ்கோரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவர் வீட்டுச் சமையலறையை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அறிவுலகின் அந்தக் குறையை இக்கட்டுரை போக்குகிறது. எத்தனை மாதம் காத்திருந்தார் என்பது ஒரு மனிதரைக் கெடுப்பதில்லை. அந்த மாதங்களில் எதையெல்லாம் வாங்காமல் விட்டார் என்பதே கெடுக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு.

1. ஆய்வு முறை

களம்: மேடவாக்கத்தில் ஓர் அடுக்ககம். மாதிரியின் அளவு: அதன் லிஃப்டில் ஒரே நேரத்தில் ஏறக்கூடியவர்கள். கேள்வித்தாள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. பி.ஆருக்குக் காத்திருப்பவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை என்பதும், "என்ன சார், எப்படிப் போகுது?" என்று சொன்னாலே போதும் என்பதும் களப்பணியின் முதல் நாளிலேயே புலப்பட்டுவிட்டன. தரைத்தளத்துக்கும் நான்காம் தளத்துக்கும் இடையில் கடந்த மூன்று டிராக்களின் (கனடா ஆளெடுக்கும் சுற்றுகளின்) கட் ஆஃப், இனி வரப்போகும் டிராவைப் பற்றிய கணிப்பு, மனைவியின் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு ரைட்டிங் மதிப்பெண் மேல் அவருக்குள்ள வருத்தம் ஆகிய மூன்றும் கிடைத்துவிடும்.

2. வரலாற்றுப் பின்னணி

ஆளுக்கு மதிப்பெண் போட்டு எடுக்கும் முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதை விட்டு, என்ன படிப்பு, என்ன மொழி, என்ன வயது என்று பார்க்கத் தொடங்கியது. பரீட்சை என்று ஒருவன் சொல்லிவிட்டால் நம்மவர்கள் விடுவார்களா? 2003 முதல் 100க்கு 67 எடுத்தால் தேர்ச்சி. வந்த விண்ணப்பங்களை எல்லாம் பரிசீலித்தே ஆக வேண்டும் என்றது சட்டம். ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்றது திட்டம். சட்டமும் திட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததால் கோப்புகள் குவிந்தன.

2008 பிப்ரவரி 27 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதுக் கட்டுப்பாடுகள் வந்தன. பட்டியலில் இருந்த 38 தொழில்களில் ஒன்றில் அனுபவம் இருக்க வேண்டியிருந்தது. அல்லது கையில் வேலை உத்தரவு போன்ற வேறு தகுதி இருக்க வேண்டியிருந்தது. அப்போது விண்ணப்பங்கள் போய்ச் சேர வேண்டியிருந்த இடம், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள சிட்னி. கனடாவுக்கு அப்ளை பண்ணியவர் எதற்குச் சிட்னிக்கு அனுப்புகிறார் என்று எத்தனை கூரியர் கடைகளில் புருவம் உயர்ந்ததோ, அது தனி ஆய்வுக்குரியது.

நம் துறையின் பேரிடர் 2012இல் நிகழ்ந்தது. ஜேசன் கென்னி குடிவரவு அமைச்சராக இருந்தபோது, அந்த 2008 தேதிக்கு முன் விண்ணப்பித்து இன்னும் முடிவு தெரியாமல் இருந்தவர்களின் கோப்புகளை ஒரே சட்டத்தால் மூடினார்கள். குடும்பத்தாரையும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,80,000 பேர். கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படும், வட்டி இல்லாமல், என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. வட்டி கிடையாது என்பதை மறக்காமல் எழுதிவைத்த அந்தச் சட்ட வரைவாளர் முற்பிறவியில் நம்மூர் அடகுக்கடையில் கணக்கெழுதியிருக்க வேண்டும்.

2015 ஜனவரி 1 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. பெயரில் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. 1200க்கு எவ்வளவு என்று ஸ்கோர் போட்டு எல்லோரையும் ஒரு குளத்தில் இறக்கிவிடுகிறார்கள். அவ்வப்போது டிரா நடத்தி மேலே மிதப்பவர்களை அள்ளிக்கொள்கிறார்கள். அழைப்பு வந்தால் 60 நாளில் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். அதன்பின் ஆறு மாதத்தில் முடிப்பது அவர்களுடைய இலக்கு. ஆக, விண்ணப்பதாரருக்குக் கெடு, அலுவலகத்துக்கு இலக்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஒருமுறையேனும் போய்வந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

3. வயது என்னும் கசிவு

இம்முறையில் 20 முதல் 29 வயதுவரை முழு மதிப்பெண். தனியாளுக்கு 110. 30 ஆனதும் 105, 31இல் 99, 32இல் 94, 33இல் 88. நாற்பதில் 50. நாற்பத்தைந்தில் பூஜ்யம். ஆய்வாளர் பங்கேற்ற ஒரு பிறந்தநாள் விழாவில் நள்ளிரவில் கேக் வெட்டப்பட்டது, பாட்டும் கைதட்டலும் ஓய்ந்தன, முப்பத்து மூன்று முடிந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்ன முதல் சொல்: "ஆறு போச்சு." அவருடைய அம்மா கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இதே மனிதர் பதினேழு வயதில் அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வின் கட் ஆஃபுக்குக் காத்திருந்தவர். அங்கே மதிப்பெண்கள் எல்லாம் சமமாக நின்றால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. இங்கே மூப்புக்குத் தண்டனை. சமநிலை வந்தால், யார் முதலில் பதிவு செய்தார் என்று விநாடிவரை பார்க்கிறார்கள். சரி, வயது போனால் அனுபவம் கூடுமே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. கனடாவுக்கு வெளியே பெற்ற வேலை அனுபவத்துக்கு மூன்றாண்டுக்கு மேல் மதிப்பெண் ஏறாது. அதாவது பத்தாண்டு ஆணி பிடுங்கியவரும் மூன்றாண்டு பிடுங்கியவரும் ஒன்றே.

போதாக்குறைக்கு மற்றவையும் கெட்டுப்போகின்றன. ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டாண்டு தாங்கும். பட்டச் சான்று மதிப்பீடு ஐந்தாண்டு. குளத்தில் கிடக்கும் பதிவு பன்னிரண்டு மாதம். மெடிக்கலும் பன்னிரண்டு மாதம். விண்ணப்பதாரர் சேர்த்துவைத்திருப்பவை எல்லாம் கெட்டுப்போகிற சரக்கு; ஃப்ரிட்ஜில் வைக்கவும் முடியாத சரக்கு.

2021 பிப்ரவரி 13 அன்று கட் ஆஃப் 75க்கு இறங்கியது. 27,332 பேருக்கு அழைப்பு. செய்தி மேடவாக்கத்தை எட்டியதும் ஒரு வீட்டில் கேசரியே கிளறிவிட்டார்கள். அந்த டிரா கனடாவிலேயே வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும் என்பது கேசரி இறக்கிய பிறகுதான் தெரிந்தது. வெளியே இருந்து வரும் திறன்மிகு தொழிலாளர்களுக்கு 2020 டிசம்பருக்குப் பின் 2022 ஜூலை 6 வரை டிராவே இல்லை. வந்தபோது கட் ஆஃப் 557.

4. அறிகுறிகள்

ஆவணங்களை ஏற்றியபின் தோன்றும் முதல் அறிகுறி, கணக்கைத் திறந்து திறந்து பார்ப்பது. இதன் முற்றிய நிலைக்கு வட்டாரத்தில் 'கோஸ்ட் அப்டேட்' என்று பெயர். கடைசியாகப் புதுப்பித்த தேதி மட்டும் மாறியிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது. யாரோ ஓர் அதிகாரி கோப்பைத் திறந்திருக்கிறார் என்பது ஒரு பள்ளியின் கருத்து. மென்பொருள் தானாகத் தேதியை மாற்றியிருக்கும் என்பது மறுபள்ளியின் கருத்து. இரு பள்ளியினரும் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்த நேர்வில் இரவு உணவு தாமதமானது.

இரண்டாம் அறிகுறி, ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ். நம் கோப்பில் அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகளைக் கனடாவின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். கட்டணம் 5 டாலர். ஆனால் அச்சட்டப்படி கேட்பவர் கனடாவில் இருக்க வேண்டும், அல்லது அந்நாட்டுக் குடியுரிமையோ பி.ஆரோ வைத்திருக்க வேண்டும். ஆகவே பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத, ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தப்பா பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்புப் போகிறது. முதல் பத்து நிமிடம் சித்தப்பாவின் முட்டிவலி விசாரிக்கப்படுகிறது. குறிப்புகள் வந்து சேரும்போது அங்கங்கே மறைக்கப்பட்டு, மிச்சத்தில் 'பரிசீலிக்க வேண்டும்' என்றிருக்கும். சொத்துத் தகராறில் பிரிந்த குடும்பங்களை ஒன்றுசேர்த்த வகையில் கனடாத் தகவல் உரிமைச் சட்டத்தின் பங்கு இன்னும் உரிய முறையில் பாராட்டப்படவில்லை.

5. ஃப்ரிட்ஜ் விதிகள்

ஆய்வுக்கு உட்படுத்திய ஃப்ரிட்ஜ் ஒற்றைக் கதவுடையது. கதவோரத்து ரப்பர் விட்டுப்போய்விட்டது. மூடினால் திறந்துகொள்ளும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஸ்டூல் நழுவும் என்பதால் அதன்மேல் பத்து கிலோ அரிசி மூட்டை. தயிர் எடுக்க வேண்டுமானால் முதலில் அரிசியை இறக்க வேண்டும். மேல்தட்டில் கொத்தமல்லி உறைந்து கண்ணாடித்துண்டாக ஒடிகிறது. கீழ்த்தட்டில் இட்லி மாவு பொங்கி வழிகிறது. மெக்கானிக் முதல் தடவையே சொல்லிவிட்டார்: "இது தேறாது சார், புதுசு வாங்கிடுங்க." வீட்டுக்காரர்: "எப்படியும் கிளம்பப்போறோம்ப்பா, அதுவரைக்கும் ஓடினா போதும்." மூன்றாம் தடவை வந்த மெக்கானிக், கருவிப்பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டார்: "இன்னும் கிளம்பலையா சார்?"

அதே சமையலறையின் பரணில், அட்டைப்பெட்டி பிரிக்காமல் ஒரு புது மிக்ஸி இருக்கிறது. 110 வோல்ட். கனடாவுக்கு என்று தி.நகரில் கேட்டு வாங்கியது. இங்கே 230 வோல்ட்டில் போட்டால் புகைந்துவிடும். கீழே மேடையில் இருக்கும் மிக்ஸிக்கு மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தால்தான் சட்னி. விட்டால் சுவரெல்லாம் சட்னி.

இவற்றிலிருந்து இரு விதிகள் பெறப்படுகின்றன.

முதல் விதி: விண்ணப்பம் நிலுவையில் உள்ளவரை, எடுத்துச்செல்ல முடியாத பொருள் எதுவும் வாங்கப்படாது.

இரண்டாம் விதி: எடுத்துச்செல்லக்கூடிய பொருள் எதுவும் பயன்படுத்தப்படாது.

கிளைத்தேற்றம்: ஆகவே அவ்வீட்டில் உள்ளவை இருவகை மட்டுமே. ஓடாதவை, ஓட்டக்கூடாதவை.

விதிகளின் ஆட்சி சமையலறையோடு நிற்பதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு இல்லை. மெத்தைக்குப் பதில் பாய். "வருஷ நடுவுல டி.சி. வாங்க வேண்டியிருக்கும்" என்று பிள்ளையைத் தூரத்துப் பள்ளியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். வங்கியில் பணம் உண்டு; ஆனால் ஆறு மாதச் சராசரி இருப்பைக் காட்ட வேண்டும் என்பதால் தொடக்கூடாது. எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊரில் லாட்ஜில் தங்கியிருப்பவர்களாக ஒரு குடும்பமே மாறிவிடுகிறது. ஒரே விதிவிலக்கு பல். கனடாவில் அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பல்லைக் கவனிப்பதில்லை என்று கேள்விப்பட்டு, வலிக்காத பற்களுக்குக்கூட முன்கூட்டியே ரூட் கெனால் செய்து முடித்திருக்கிறார்கள்.

6. புழக்கத்தில் உள்ள சமாளிப்பு முறைகள்

யாரிடமும் சொல்லாமல் இருத்தல்: கண்ணுபடும் என்று பெரும்பாலோர் கையாளும் முறை. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்த அன்றே வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிடுவதால் பயனற்றது.

கோயில்: ஐதராபாத் அருகே சில்குர் பாலாஜியிடம் வேண்டுதலுக்கு 11 சுற்று, நிறைவேறிய பிறகே 108. கட்டணத்தின் பெரும்பகுதியை வேலை முடிந்தபின் வசூலிக்கும் இந்த நடைமுறையை ஒட்டாவா பரிசீலிக்கலாம். குறை: ஓர் இரவு பஸ் பயணம்.

பிரெஞ்சு: நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் சேருதல். நான்கு திறன்களிலும் உரிய நிலையை எட்டினால், ஆங்கிலமும் ஓரளவு இருந்தால், கூடுதலாக 50 மதிப்பெண். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி டிராக்கள். பொது டிராக்களில் 500ஐத் தாண்டிய காலத்தில் இவற்றில் கட் ஆஃப் 400க்கும் கீழே இறங்கியதுண்டு. ஆய்வுக்கு உட்பட்டவற்றில் காத்திருப்பவர் கையில் எதையாவது மிச்சம் வைக்கும் முறை இது ஒன்றே. பக்கவிளைவு: வீட்டில் வெண்டைக்காய்க்கும் ஆண்பாலா பெண்பாலா என்று யோசிப்பார்.

7. முடிவும் பரிந்துரையும்

2012இல் கோப்பு மூடப்பட்டவர்களுக்குக் கட்டணம் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகளில் வாங்காமல் விட்ட ஃப்ரிட்ஜையும், அடிக்காத சுண்ணாம்பையும், மாற்றாத பள்ளியையும் திருப்பித் தர எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை. அந்த இழப்பு முழுக்க அவர்கள் கணக்கிலேயே எழுதப்பட்டது.

எனவே பரிந்துரை எளியது. விடை 'இல்லை' என்று வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை வாங்குங்கள். விடை 'ஆம்' என்று வந்தால் நஷ்டம் ஒரு ஃப்ரிட்ஜின் பாதி விலை; கனடா போகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல. வாங்காமல் இருந்து விடையும் வராமல் போனால் நஷ்டம், புளித்த மாவோடு கழிந்த அத்தனை காலைகளும்.

ஓர் எதிர்வாதம் உண்டு. வாங்கிய மறுவாரமே பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மடல் வந்தால் என்ன செய்வது? மகிழ்ச்சியாக அனுப்பலாம், ஃப்ரிட்ஜை உறவில் யாருக்காவது கொடுத்துவிடலாம். யாருக்கு என்று மட்டும் முன்கூட்டியே வாய்விட்டுவிடக் கூடாது. அப்படி வாக்குப் பெற்ற பெரியம்மா ஒருவர், இப்போது தன் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க மறுத்துவிட்டு, புதன்கிழமைதோறும் போன் செய்து கட் ஆஃப் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.