சில்லென்ற விரல்கள் தேவை

சில்லென்ற விரல்களால் வெண்ணெயை மாவில் பிசிற வேண்டும் என்று வீடியோவில் செய்முறை சொன்ன புண்ணியவதி சித்திரை மாதத்தில் காரியாபட்டிப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இறங்கின பஸ்ஸிலேயே மதுரைக்குத் திரும்பியிருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு வந்த மகள் குதிரைவாலி மாவில் டார்ட் சுட்டாள். அதற்குள் சீஸ் வைத்தது நியாயமா என்பதுதான் நான் பேச வந்த விஷயம். அதற்கு வருகிறேன். முதலில் வெண்ணெய்.

வெண்ணெய் சில்லென்று, சின்னச் சின்னக் கட்டியாக மாவுக்குள் கிடக்க வேண்டுமாம். அப்போதுதான் ஓவனில் உருகி, அதன் ஈரம் ஆவியாகி, டார்ட்டின் ஓடு பொரபொரவென்று வருமாம். சரிதான், பனி பெய்கிற ஊரில். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். எங்கள் அடுப்படி அந்தச் சூட்டைக் காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து மேடைக்கு வருவதற்குள் அதற்கு வியர்த்துவிட்டது. தண்ணீரும் சில்லென்று வேண்டும், ஊற்றினோம். கிண்ணமும் சில்லென்று வேண்டும், ஃப்ரீசரில் வைத்தோம். விரல்? ஐஸ் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு நின்றாள். விரல் குளிர்ந்தபோது வெண்ணெய் இளகியிருந்தது. வெண்ணெயை உள்ளே வைத்து எடுத்தால் விரல் காய்ந்து சுடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் குளிர்ந்த அந்தப் பொன்னான நொடியில் கரண்ட் போனது. ஃபேன் நின்றது. பளிங்குக் கல்லின் மேல் வைத்துத் தேய்க்கலாம் என்றது வீடியோ. எங்கள் வீட்டில் உள்ள கல் அம்மி. அது வாசலில் வெயிலில் கிடக்கிறது. அதன் மேல் வெண்ணெயை வைத்தால் நெய் உருக்க அடுப்பே வேண்டாம். கடைசியில் மண்பானைத் தண்ணீரில் கிண்ணத்தை மிதக்கவிட்டு, ஆளுக்கொரு விசிறியோடு சுற்றி உட்கார்ந்தோம். இந்த மண்ணில் பிறந்தவர்கள் குளிர்ச்சியைத் தேடுவதில் ஒரு ஞானம் இருக்கத்தான் செய்கிறது. 1879-ல் திருச்சுழியில் பிறந்த ரமணர், பின்னால் திருவண்ணாமலையில் விருபாட்ச குகைக்குள் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் டார்ட் செய்யச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் நம்மூர் பேக்கரி மாஸ்டர்கள் இந்த வழக்கை எப்போதோ முடித்துவிட்டார்கள். பப்ஸுக்கு வெண்ணெய் கிடையாது, டால்டா வகைதான். அது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். மைதாவில் பசைத்தன்மை உண்டு, இழுத்த இழுப்புக்கு வரும். இதை மகளிடம் சொன்னேன். டால்டா உடம்புக்கு ஆகாது, மைதாவும் ஆகாது என்றாள். பாதி டப்பா வெண்ணெயும் ஒரு கட்டி சீஸும் மட்டும் எப்படி ஆகும் என்று நான் கேட்கவில்லை. சீஸுக்கு அப்புறம் வரலாம்.

குதிரைவாலியில் அந்தப் பசையும் கிடையாது. தேய்த்தால் பிளக்கும், தூக்கினால் உதிரும். அது ஒட்டிக்கொள்ள இசப்கோல் சேர்க்கச் சொன்னது வீடியோ. மெடிக்கலில் போய்க் கேட்டேன். "எத்தனை நாளா இருக்கு சார்?" என்றார் கடைக்காரர். டார்ட்டுக்கு என்றேன். "எதுக்கா இருந்தாலும் ராத்திரி வெந்நீர்ல போட்டுக் குடிங்க, காலையில சரியாயிரும்" என்றார், கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அடுத்து, ஓடு உப்பாமல் இருக்க அதன் மேல் காகிதம் விரித்து, கொண்டைக்கடலையைக் கொட்டிச் சுட வேண்டும். சுட்டதும் கடலையை எடுத்துவிட வேண்டும். அம்மா வந்து நின்றாள். "ஏத்தா, ஊறவும் வைக்காம, திங்கவும் விடாம, கடலையை எதுக்குத்தா சுடுற?" யாரிடமும் பதில் இல்லை.

அம்மாவுக்குக் குதிரைவாலி தெரியும். ஐப்பசி மழையை நம்பி மானாவாரியாக விதைத்து, உரலில் குத்தி, உமி போகப் புடைத்து, சோறாக்கித் தின்று வளர்ந்தவள். நெல்லுச்சோறு வீட்டுக்கு வந்ததும், குதிரைவாலி தின்றதை விருந்தாளிகள் முன்னால் சொல்லாதே என்று எங்களைக் கிள்ளியவளும் அவளேதான். 2018-ல் மத்திய அரசு இதையெல்லாம் சத்துத் தானியம் என்று அரசிதழில் போட்டது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்றது. அந்த செப்டம்பரில் டெல்லி ஜி20 விருந்தில் தலைவர்களுக்கு ஏலக்காய் மணக்கக் குதிரைவாலிப் புட்டிங் வைத்தார்கள். நல்லது. ஆனால் எங்கள் வீட்டில் அதைச் சோறாக வடித்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றி வைத்துப் பாருங்கள், "இன்னைக்கு அரிசி இல்லையா?" என்பார்கள். ஓடாக்கி, ஓரத்தை நெளித்து வைத்தால் மட்டும் செல்போனோடு ஓடி வருகிறார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான். மழை, மயில், காட்டுப்பன்றி எல்லாம் பார்த்து அதை விளைவிக்கிறவருக்கு ஒரு போட்டோவும் இல்லை.

டார்ட் வந்தது. அம்மா ஒரு துண்டு வாங்கினாள். நொறுக்கி, மோர் ஊற்றி, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டு முடித்து, "தேவலை" என்றாள். மகள் இன்னும் அவளோடு பேசவில்லை.

சீஸ் விஷயம் பாக்கி நிற்கிறது, தெரியும். ஆனால் ஓவன் ஆறிவிட்டது. தோசைக்கல்லையும் இட்லித் தட்டையும் வழக்கம்போல அதற்குள் அடுக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் வருகிறது.