பறக்கும் குதிரையும் சிவகாசி மச்சானும்

சேத்தூரில் மாமா வீட்டுப் பட்டாசாலைச் சுவரில், பெருமாளுக்கும் முருகனுக்கும் நடுவே ஒரு வெள்ளைக்காரக் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது. "லண்டன் அச்சு, இருநூறு வருசத்துச் சரக்கு" என்று வெளியூர்ப் பழைய சாமான் கடைக்காரர் சொல்ல, மாமா வாங்கி வந்து மாட்டிவிட்டார்.

மாமாவுக்குக் கிண்டிக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். 1974-இல் தமிழக அரசு பந்தயத்தைத் தடுக்கச் சட்டம் போட்டது, 1996-இல் உச்ச நீதிமன்றம் 'இது சூதாட்டமல்ல, திறமை சார்ந்தது' என்றது, எல்லாம் தலைகீழ்ப் பாடம். அந்தத் திறமை அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அத்தையின் தீர்ப்பு. அதற்கு அப்பீல் கிடையாது.

படத்தைப் பார்த்த அத்தை கேட்டார்: "எய்யா, இது ஓடுதா, வயித்தால சறுக்குதா?"

நியாயமான கேள்வி. முன்னங்கால் இரண்டும் முன்னே நீட்டி, பின்னங்கால் இரண்டும் பின்னே நீட்டி, குதிரை அந்தரத்தில் கிடந்தது. அந்தக் காலத்துப் பந்தயப் படங்களில் குதிரைகள் பெரும்பாலும் இப்படித்தான். செத்த குதிரைகளை மாதக்கணக்கில் அறுத்துப் பார்த்து, 1766-இல் குதிரையின் உடற்கூறு பற்றிப் புத்தகமே போட்டவர் ஜார்ஜ் ஸ்டப்ஸ். அவர்கூட ஓடும் குதிரை வரைய நேர்ந்தபோது இப்படிப் பறக்கவிட்டிருக்கிறார். 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமரா வைத்துப் படம் பிடித்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. நாலு காலும் தரையை விட்டு எழும்பத்தான் செய்கின்றன. ஆனால் அப்போது அவை வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றன. அத்தைக்குக் கேமரா தேவைப்படவில்லை. "நம்ம அய்யனார் குதிரையப் பாரு, காலை ஒழுங்கா ஊனி நிக்குது" என்று முடித்துவிட்டார். ஓடாத குதிரையை மண்ணில் ஓடாததாகவே செய்த நம் வேளார்கள் யோக்கியர்கள் என்பது என் கட்சியும்.

தீபாவளிக்கு மச்சான் வந்தான். சிவகாசி அச்சகத்தில் வேலை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் சிவகாசி. இந்த வட்டாரத்தில் ஒருத்தருக்கு அச்சைப் பற்றிப் பொய் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அசலான பழைய ஆங்கிலேயப் பந்தயப் படங்களைப் பெரும்பாலும் செப்புத் தகட்டில் பிசின்தூள் தூவி, அமிலத்தில் அரிக்கவிட்டு அச்சடிப்பார்கள். கையால் வண்ணம் தீட்டுவார்கள். தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றித் தெரியும். 1735-ஆம் வருடத்துச் சட்டப்படி, வெளியிட்டவர் பெயரும் தேதியும் அடியில் இருக்கும்.

மச்சான் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குதிரையின் வயிற்றில் வைத்தான். வரிசை வரிசையாய்ப் புள்ளிகள்.

"ஆஃப்செட்டுப்பா. நாலு கலரு. ரெஜிஸ்டர்கூட லேசா விலகியிருக்கு."

"அடியில லண்டன்னு போட்டிருக்கேடா?" என்றார் மாமா.

"அதையும் சேத்துத்தான் பிரிண்ட் பண்ணியிருக்கான்."

அத்தை மட்டும் சந்தோஷமாகக் காப்பி போடப் போனார். மாமாவின் முகத்தைப் பார்த்து மனம் இரங்கிய மச்சான், படத்தைத் திருப்பிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தான். நல்ல பழைய தேக்கு. கொடுத்த காசு சட்டத்துக்குச் சரியாய்ப் போச்சு என்றான்.