ஆமை முட்டையைத் திருப்பலாமா?

கேள்வி: கோழி தன் முட்டையை உருட்டி உருட்டி அடைகாக்கிறதே, கடலாமை முட்டையையும் அப்படித் திருப்பி வைக்கலாமா? (வாசகி, நாகப்பட்டினம்)

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா! கோழிக் கரு ஓட்டோடு ஒட்டினால் ஆபத்து. ஆமைக் கருவுக்கோ ஒட்டினால்தான் ஆயுசு. முட்டையிட்ட சில மணி நேரத்திலேயே ஓட்டின் உட்சவ்வை மேல்பக்கமாகப் பற்றிக்கொள்ளும். பிறகு புரட்டினால் சவ்வு கிழிந்து கரு செத்துவிடலாம். முதல் சில வாரங்கள் ரொம்பவே ஆபத்தானவை.

அதனால்தான் சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளை உடனுக்குடன் பொரிப்பகம் சேர்க்கிறார்கள். எவ்வளவு பெரிய உழைப்பு!

பொரியும் குஞ்சு ஆணா, பெண்ணா? அதை மணல்தான் முடிவுசெய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பொரிப்பகத்துக்கு நிழல் போடுவதைக்கூட யோசித்துத்தான் செய்யவேண்டும்.