நீத்துப்பெட்டியின் திறப்பழுத்தம் குறித்து ஓர் ஆராய்ச்சி

நீராவிப் பொயிலருக்கு வால்வு தெரிவு செய்யும் பொறியியலாளர் நாலு கேள்வி கேட்பார்: அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, மணிக்கு எத்தனை கிலோ நீராவி, உடம்பு பித்தளையா உருக்கா. கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்தில் பொழுதுபடும் நேரம் அடுப்படிக்கு ஒன்றாகப் பொயிலர் எரிகிறது. அவற்றைப் பற்றி இந்த நாலு கேள்வியையும் எவரும் கேட்பதில்லை. புட்டு வந்தால் போதும் என்பது சனத்தின் நிலைப்பாடு. ஆய்வுலகம் அப்படி இருந்துவிட முடியாது.

அமைப்பு எளிது. பானையில் அரைவாசிக்குக் குறையத் தண்ணீர். அதன் வாயில் பனையோலையால் கூம்பாக இழைத்த நீத்துப்பெட்டி. பெட்டிக்கும் பானை வாய்க்கும் நடுவே சுற்றிய ஈரச்சீலை. மில்காரர் இதையே காஸ்கெற் என்பர்.

இனி வால்வு எது? நெல் அவிக்கும் ஆலையில் நீராவியைக் கூட்டிக் குறைக்கக் குளோப் வால்வும், முழுதாய்த் திறந்து மூடக் கேற் வால்வும் இருக்கும். அடுப்படியில் கூட்டுவதும் குறைப்பதும் விறகின் வேலை. ஆகவே எஞ்சுவது பாதுகாப்பு வால்வு ஒன்றே. பிரெஞ்சு அறிஞர் டெனி பப்பாங் 1679இல் தன் அழுத்தக் கலத்தை இலண்டனில் காட்டினார். பாரம் தொங்கவிட்ட நெம்புகோலால் மூடிய வால்வும் அவருடையதே. பாரத்தை ஆவி வெல்லும் கணத்தில் அது திறக்கும். குக்கரின் விசில் குண்டு அதன் பேத்தி. நீத்துப்பெட்டியில் குண்டு இல்லை, பாரம் புட்டேதான்.

கணக்கைப் பார்ப்போம். பானை வாயின் விட்டம் 15 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு ஏறக்குறைய 177 சதுர சென்ரிமீற்றர். மாவும் தேங்காய்ப்பூவும் பெட்டியுமாக ஒரு கிலோ என்று கொள்வோம். சீலை இறுகி, மாவும் அமுங்கி ஆவிக்கு வழிவிடாவிட்டால், சதுர சென்ரிமீற்றருக்கு 5.65 கிராம் அழுத்தத்தில் பெட்டி தானாகக் கிளம்பும். அதாவது ஐந்தரை சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான உயர நீர்த்தூணின் அழுத்தம். குக்கர் தாங்குவது சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் ஒரு கிலோ. அங்கே தண்ணீர் 120 பாகைவரை போகும். இங்கே 100 பாகைக்கு மேல் ஆறில் ஒரு பாகைகூட ஏறாது. இவ்வளவு பயந்த சுபாவமுள்ள பாதுகாப்பு வால்வு எந்தப் பட்டியலிலும் கிடையாது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. விருந்தாளி வந்து இரண்டு கிலோவாக அமுக்கி நிரப்பினால் திறப்பழுத்தமும் இரட்டிக்கும். மா இறுகும், நடுப்பகுதி வேகாது. அதனாற்றான் அனுபவசாலிகள் மாவை அமுக்காமல் தூவி நிரப்புகிறார்கள். பொயிலர் விதிகள் இதற்கும் அப்பால் போகின்றன. 1905இல் அமெரிக்காவின் புறொக்ரனில் சப்பாத்துத் தொழிற்சாலைப் பொயிலர் வெடித்து 58 பேர் இறந்தனர். அதன் பின் எழுந்த பொயிலர் விதித்தொகுப்புகள், பொயிலருக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் நடுவே அடைக்கும் வால்வு எதுவும் கூடாது என்கின்றன. ஸ்கந்தபுரத்து அடுப்படியில் அந்த விதி இப்படி ஒலிக்கும்: “மூடிக்கு மேல அம்மிக்குழவியை வைக்காத பிள்ளை, ஆவி முட்டப்போகுது!”

உடம்பின் பொருள் பற்றிச் சுருக்கமாக. பனையோலை ஈரத்தில் வேகும், எரியாது. பானை வற்றினால்தான் கருகும். தண்ணீர் குறைந்த பொயிலர் ஆபத்தானது என்று எந்தப் பொயிலர்காரரும் சொல்வார். ஓலையின் இன்னொரு குணம் போர்க்காலத்தில் தெரிந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் அரச படையினர் வசமாக, சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாகத் திரண்டது. சீமெந்துக்கும் பற்றரிக்கும் தடையிருந்த காலத்தில் குக்கரின் றப்பர் வளையம் வெடித்தால் எங்கே போவது? ஓலைப்பெட்டி பிய்ந்தால் வேலிப்பனை நின்றது. உதிரிப்பாகம் கிடைப்பதையும் தெரிவு அளவுகோலாகச் சேர்க்காத கைநூல்கள் திருத்தப்பட வேண்டும்.

மேலதிக விருந்தாளிகளுக்கு இரண்டு தரமாக அவிப்பதே பொறியியல் தீர்வு. முதல் நீத்துப்பெட்டி யாருடைய தட்டுக்குப் போகும் என்பதை இவ்வாய்வு மாமியாரிடம் விடுகிறது.