பாதைக்குச் சொந்தக்காரர் யார்?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டியெடுத்தபோது, நுவரெலியா மாவட்டத்து மலைகள் பல இடங்களில் பாதைமேல் இறங்கின. 1885இல் நானுஓயாவுக்கு வந்துசேர்ந்த ரயிலுக்கும் வழியில்லாமல் போனது.

தேயிலைத் தோட்டத்துப் பாதை சரிந்தால் முதலில் தேட வேண்டியது மண்வெட்டியை அல்ல, சொந்தக்காரரை. நிலம் அரசினுடையது. நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளுடையது. பிரதேச சபைக்கோ, 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை தோட்டத்துக்குள் காசு செலவழிக்க அதிகாரமே இல்லை. அதுவரை, லயத்தில் குடியிருக்கும் தொழிலாளியின் வாக்கு சபைக்குப் போகலாம். சபையின் கல்லும் தாரும் லயத்துக்கு வரக்கூடாது!

சட்டம் திருந்திவிட்டது. இனி மண் அள்ளும் பெக்கோ வர வேண்டும்.

மண்சரிவுக்கு இந்த எல்லைத் தகராறெல்லாம் தெரியாது. கோயில் வாசல், பீலிக்கரை, பிள்ளைக்காம்பரா எல்லாம் அதற்கு ஒன்றுதான். ஆகவே தோட்டங்களில் பழைய ஏற்பாடே கைகொடுக்கிறது: வீட்டுக்கு ஓராள், கையில் மண்வெட்டி, கோயிலடியில் சோற்றுப்பானை.

சர்வோதய இயக்கம் 1958இல் தொடங்கிவைத்த சிரமதானத்துக்கு, அதாவது சம்பளமில்லாக் கூட்டு உழைப்புக்கு, நாட்டில் நல்ல பெயர் உண்டு. தோட்டத்தில் அதையே செய்தால், நாள் சம்பளப் பதிவான செக்ரோலில் முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை.

பாதை சீரானதும் அதில் முதலில் ஏறி வரும் ஜீப், சேதத்தைப் பார்வையிட வருவதாக இருக்கும்.