நாலாவது விரலையும் கொடுத்துவிடுங்கள்

அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் பவர் பிரஸ் ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு யோசனை. மிஷினில் கை மாட்டினால் மூன்று விரலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நாலாவதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். லாபம் அதில்தான் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் போட்டுவைத்த ஓர் அட்டவணை உண்டு. கறிக்கடை விலைப்பலகை மாதிரி, உறுப்பு வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம், நடுவிரல் 12. கட்டைவிரல் 30; அதன் அடியெலும்பும் சேர்ந்து போனால் 40. ஒரே கையில் மூன்று விரல் போனால் 30, நாலு போனால் 50. சம்பாதிக்கும் திறனில் இவ்வளவு போயிற்று என்று அர்த்தமாம். ஸ்பேனர் பிடித்து டை பூட்டுகிறவனுக்கும் 30, ஏ.சி. அறையில் ஃபைல் புரட்டுகிறவருக்கும் அதே 30.

ஈ.எஸ்.ஐ. கொடுக்கும் தொழில் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போக 40 சதவீதம் வேண்டும். வயதும் 45-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. மூன்று விரலைத் தொலைத்துவிட்டு 30 சதவீதத்தோடு போய் நிற்கிறவனுக்கு அங்கே இடமில்லை. 46 வயதில் கை போனவன் தப்பான வருஷத்தில் பிறந்துவிட்டான், அவ்வளவுதான். தகுதி பெற்று உள்ளே போகிறவனுக்குப் பயிற்சி நடக்கும்வரை பயிற்சிக் கட்டணம் அல்லது நாளொன்றுக்கு 123 ரூபாய், எது அதிகமோ அது. அந்த மூன்று ரூபாயை யார் உட்கார்ந்து கணக்குப் போட்டாரோ, அவர் கைக்கு மோதிரம் போடலாம். பத்து விரலும் இருக்கும்.

இரண்டாவது யோசனை: புண்ணை ஆறவிடாதீர்கள். தற்காலிக ஊனத்துக்கான உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றது அந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு. சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். கட்டுப் பிரித்து, டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதியதும் இரண்டும் நின்றுபோகும். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போனால், சூப்பர்வைசர் கையைப் பார்க்காமல் வாட்சைப் பார்ப்பார். “இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுப்பா, நாங்களே சொல்லி அனுப்புறோம்.” சொல்லி அனுப்ப மாட்டார்கள். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தால் அந்தப் பேச்சும் கிடையாது. “அவன் எங்க ரோல்லயே இல்லையே” என்பார்கள். கை போன பிறகுதான் அவசர அவசரமாக ஈ.எஸ்.ஐ. பதிவு செய்து, அடிபட்டவன் கையில் அட்டையைத் திணிக்கும் முதலாளிகளும் உண்டு. இருக்கிற கையில்.

மூன்றாவது, அரசு ஊழியனாக இருந்து தொலையுங்கள். 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு: பணியில் இருக்கும்போது ஊனமானவரை நீக்கக் கூடாது, பதவியிறக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. வேறு வேலை இல்லையென்றால் உபரிப் பணியிடமாவது உருவாக்க வேண்டும். அருமையான பிரிவு. அரசு நிறுவனங்களுக்கு மட்டும். பிரஸ் ஷாப் நடத்தும் தனியாருக்கு அந்தக் கஷ்டத்தை நம் நாடாளுமன்றம் கொடுக்கவில்லை.

அடிபட்டவன் திரும்ப வேலைக்குப் போவானா என்பது விரல் கணக்கில் முடிவாவதில்லை. முதல் சில வாரங்களில் கம்பெனியிலிருந்து யாராவது கூப்பிட்டுப் பேசினார்களா, அவன் செய்யக்கூடிய வேலையை அதே இடத்தில் ஒதுக்கினார்களா, சம்பளத்தில் கைவைக்காமல் விட்டார்களா என்பதில்தான் இருக்கிறது. ஜெர்மனியில் ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பு முடியாமல் இருந்தால், அவரை எப்படி வேலையில் வைத்துக்கொள்வது என்று பேச முதலாளி அழைத்தாக வேண்டும், சட்டமே இருக்கிறது. நம்மூரில் கிண்டியில் மத்திய அரசின் தொழில் மறுவாழ்வு மையம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் என்ற புதுப் பெயரில். மறுவாழ்வு முதலில் பெயர்ப்பலகைக்குக் கிடைத்துவிட்டது.

தொழிலாளர் துறை ஐயாமார்களே, அந்த 40-ஐ எடுத்துவிடுங்கள். அரசு ஊழியருக்குக் கொடுத்த 20-ஆவது பிரிவைப் பிரஸ் ஷாப் தொழிலாளிக்கும் கொடுங்கள். அதைச் செய்கிறவரை மறுவாழ்வு என்ற பேச்சை எங்கள் முன்னால் எடுக்காதீர்கள்.