நாரியும் கொயிலும்: கொழும்புத் தமிழரின் சொகுசுக் குறைப்பு மரபு பற்றிய ஆய்வு

கார் வாங்கியவர் அதன் சொகுசைக் கூட்டச் செலவழிப்பது உலக வழக்கு. இருந்த சொகுசையும் குறைக்க லட்சக்கணக்கில் செலவழிப்பது ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் வழக்கு. கம்பனி பூட்டி அனுப்பிய கொயிலையும் ஷொக்கையும் கழற்றி எறிந்துவிட்டு, அவற்றைவிட இறுக்கமான வெளிச்சாமானைப் பூட்டும் இந்தச் சடங்கை நமது பல்கலைக்கழகங்கள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அக்குறை இன்றோடு தீர்கிறது.

காலப் பின்னணி சுருக்கமானது. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதுக்கார் ஆசை முழுவதும் பழைய காரின் அடிவயிற்றில் போய் இறங்கியது.

இம்மரபில் வடகலை, தென்கலை போல இரு பிரிவுகள் உண்டு. தெற்கே வெள்ளவத்தைப் பிரிவினர் பெட்டியை நம்புகிறவர்கள். பில்ஸ்டைன், ஐபாக், டெய்ன் என்று பெயர் பொறித்த பெட்டி வரவேண்டும்; சாமான் காருக்கடியில் மறைந்த பிறகும் பெட்டி அலுமாரிக்கு மேல் வீற்றிருக்க வேண்டும். வடக்கே கொட்டாஞ்சேனைப் பிரிவினருக்குப் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தை கிட்ட. ஜப்பானில் கழற்றிய ஷொக்கை அமத்திப் பார்த்து, எண்ணெய்க் கசிவை விரலால் தடவி, விலையைப் பாதியாக்கி வாங்கும் அனுபவவாதிகள் அவர்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய சிவன் கோயிலின் அயலில் வாழ்பவர்களுக்கு இறுக்கத்தின் மீது பக்தி இருப்பதில் வியப்பில்லை.

இரு பிரிவினரும் ஒருமனதாகத் தள்ளிவைத்த மூன்றாம் கூட்டமும் உண்டு: கிரைண்டரால் கொயிலை வெட்டுவோர். ஆனால் இவர்களே அறியாமல் இவர்கள் பக்கம் பௌதிகம் நிற்கிறது. சுருளின் விறைப்பு அதன் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு நேர்மாறானது. இயங்கும் எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். செலவில்லாத இறுக்கம்! பள்ளத்தில் சில்லுத் தொங்கும்போது கட்டையான கொயில் இருப்பிடம் விட்டு நழுவக்கூடும் என்பது மட்டுமே இக்கொள்கையின் பலவீனம்.

இறுக்கத்தின் பயன் வளைவில் தெரியும். வேகமாகத் திரும்பும்போது உடல் சரிவது குறையும், ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். ஆய்வுக்களமோ காலி வீதி. வெள்ளவத்தையில் அது அநேகமாக நேர்கோடு; சட்டப்படி 50 கிலோமீற்றர்; மாலை ஐந்து மணிக்கு முன்னால் நிற்பது 100 ஆம் இலக்க பஸ். அந்த பஸ்ஸோ வில்லுத் தகட்டின் மேல், பெட்டியும் பெயருமின்றி, தொழிற்சாலையிலேயே இறுக்கப்பட்டு வந்தது. லட்சங்கள் கொடுத்து நமது இளைஞர் எய்த விரும்பும் அனுபவத்தை அதில் ஒரு டிக்கற்றுக்கே பெறலாம். இவ்விடத்தில் ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்துச் சற்று யோசிக்க வேண்டியதாயிற்று.

அளவீட்டுக் கருவியாக அம்மம்மாவை முன்மொழிகிறோம். சாதாரணக் கார் செக்கனுக்கு ஒன்று முதல் ஒன்றரைத் தடவை மெல்ல ஊசலாடும். கொயிலின் விறைப்பை இரட்டித்தால் ஊசல் 1.4 மடங்காகும். உட்கார்ந்திருக்கும் மனித உடலை மிகவும் வருத்துவது செக்கனுக்கு 4 முதல் 8 வரையான மேல்கீழ் அதிர்வு. இறுக்கமான ஷொக் அதை வடிகட்டாமல் அப்படியே மேலே அனுப்புகிறது. செட்டியார் தெருவில் ஏறிய அம்மம்மா, பம்பலப்பிட்டி வருமுன் “டேய் ராசா, மெல்லமாப் போவன், நாரி கழண்டு போச்சு” என்றால் வேலை சுத்தம் என்று பொருள். இத்தனைக்கும் கார் அப்போது சிவப்பு விளக்கில் நிற்கக்கூடும். அவ்வளவு ஆழமானது அவர் மனக்குறை.

வேடிக்கையை விட்டால், மேடுபள்ள வீதியில் அளவுமீறிய இறுக்கம் பிடிப்பையும் கெடுக்கும். குழியைப் பின்தொடர்ந்து இறங்க முடியாத சில்லு ஒரு கணம் காற்றில் நிற்கும். நிலத்தைத் தொடாத ரயருக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. அதோடு, பழைய ரீகண்டிஷன் காரில் “தளதள” என்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் கொயில் அல்ல. தேய்ந்த ரப்பர் புஷ், ஆடும் போல் ஜொயின்ற், செத்துப்போன ஷொக்.

ஆகவே எமது தீர்ப்பு: கட்டுக்குருந்தையில் பந்தயம் ஓடுகிறவர் தாராளமாக இறுக்கட்டும். ஏனையோர் முதலில் புஷ்களை மாற்றி, கம்பனி அளவிலேயே நாலு புது ஷொக் போட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள். அதன் பிறகும் ஆசை அடங்காவிட்டால் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷொக்காக வாங்குங்கள், அம்மம்மாவை முன்சீற்றில் இருத்துங்கள். பின்சில்லுக்கு மேலே உள்ள பின்சீற்றில்தான் அடி அதிகம்.